பாதி வரியை மட்டும் காட்டினேன்

நான் உயிராக நேசிக்கும் ஒரு புத்தகத்தைப் பற்றி, அதை அதே அளவு நேசித்தவர்களிடம், பல வருடங்கள் நேர்மையில்லாமல் பேசியிருக்கிறேன். என் கட்சிக்கு எதிரான சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தே அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருந்திருக்கிறேன். படிக்காத நூல்களைப் படித்ததாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் தயங்கித் தயங்கிச் சொன்னதை, தீர்ப்பே சொல்லிவிட்டதாக மாற்றியிருக்கிறேன். இதில் யாருடைய சொத்தும் போகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பெண் தன் கேள்வியை முடிக்காமலே எங்கள் கூட்டத்தைவிட்டுப் போனார். அதற்கு நானே காரணம். நடந்ததை முழுதாக எழுதிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

புத்தகம், ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 1954 ஜூலைக்கும் 1955 அக்டோபருக்கும் இடையில் மூன்று பகுதிகளாக இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன்மீது பித்துக்கொண்ட சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு நண்பரின் மொட்டைமாடியில் கூடுவோம். மோதிரம் அழிந்ததா, அரசன் திரும்பினானா என்பதெல்லாம் எங்களுக்குப் பேச்சே இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். கதையின் ஓரங்களில் ஆசிரியர் விட்டுவைத்திருக்கும் சின்னச் சின்னக் கேள்விகளைத்தான் பேசுவோம். மோரியாச் சுரங்கத்தில் வரும் பால்ராக் என்ற தீப்பூதத்துக்கு இறக்கை உண்டா? எல்ஃப் வீரன் லெகோலாஸின் தலைமுடி என்ன நிறம்? கில்-கலாட் என்ற மன்னனின் தந்தை யார்? ஆர்க்குகள் என்ற கொடிய உயிர்கள் எப்படி உண்டாயின? கிழக்கே போன இரண்டு நீல மந்திரவாதிகள் என்ன ஆனார்கள்?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேலையற்றவர்களின் பேச்சாகத் தெரியும். எனக்கு ஒருநாளும் அப்படித் தெரிந்ததில்லை. லெகோலாஸின் முடியை எடுத்துக்கொள்ளுங்கள். திரைப்படத்தில் அது பொன்னிறம். நூலில் எங்குமே அதன் நிறம் நேராகச் சொல்லப்படவில்லை. அவன் தந்தையான காட்டரசனுக்குப் பொன்னிற முடி என்று டோல்கீனின் முந்தைய நூலான 'தி ஹாபிட்'டில் இருக்கிறது. ஆனால் பெருநதிப் பயணத்தில் ஓர் இரவு, வில்லோடு நிற்கும் லெகோலாஸைக் கதைநாயகன் ஃப்ரோடோ அண்ணாந்து பார்க்கிறான். அப்போது அவன் தலை கருமையாகத் தெரிகிறது, பின்னால் விண்மீன்கள். அந்தக் கருமை முடியுடையதா, இரவுடையதா? இதைத் தீர்க்க வேண்டுமானால் அந்த இடத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படிக்க வேண்டும். யார் பார்க்கிறார், எங்கிருந்து பார்க்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மெதுவாகப் படிப்பதை எனக்குப் பள்ளியும் கற்றுத்தரவில்லை, கல்லூரியும் கற்றுத்தரவில்லை. அந்த மொட்டைமாடிதான் கற்றுத்தந்தது.

டோல்கீன் எழுதிய விதமும் இந்தக் கேள்விகளுக்கு ஆழம் சேர்த்தது. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் அவர். முதல் உலகப் போர்க் காலத்தில் எழுதத் தொடங்கிய தொன்மக் கதைகளை 1973-இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார், முடிக்கவில்லை. அவர் விட்டுச்சென்ற தாள்களிலிருந்து மகன் கிறிஸ்டோஃபர் டோல்கீன் 1977-இல் 'தி சில்மரில்லியன்' நூலைத் தொகுத்தார். பிறகு 1983 முதல் 1996 வரை, கைப்பிரதிகளைக் கால வரிசையில் அடுக்கி, குறிப்புகளோடு 12 தொகுதிகளாக வெளியிட்டார். ஆகவே ஒரே கேள்விக்கு 1930-களில் ஒரு பதிலும், 1950-களில் வேறொரு பதிலும், இறப்பதற்குச் சற்று முன்பு இன்னொரு பதிலும் கிடைக்கலாம். தொடக்கக் காலக் கதைகளில் பால்ராகுகள் பெரும் படையாக வருகின்றன. பிற்காலக் கைப்பிரதி ஒன்றின் ஓரத்திலோ, மொத்தம் 3, மிஞ்சிப்போனால் 7 பால்ராகுகள்தான் இருந்திருக்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறார். இந்த ஆழத்தில்தான் என் குற்றமும் ஒளிந்துகொண்டது. பல பதில்கள் கிடக்கும் இடத்தில், தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டுகிறவன் எளிதில் பிடிபடமாட்டான்.

பால்ராகின் இறக்கையிலிருந்து தொடங்குகிறேன். மோரியாவின் கசாட்-தூம் பாலத்தில் அது மந்திரவாதி கேண்டால்ஃபை எதிர்கொள்ளும்போது, அதைச் சூழ்ந்திருந்த நிழல் இரண்டு பெரும் இறக்கைகளைப் போல நீண்டதாக முதலில் வருகிறது. சில பத்திகள் தள்ளி, அதன் இறக்கைகள் சுவருக்குச் சுவர் விரிந்ததாக, உவமையின் சாயல் இல்லாமலே வருகிறது. இந்த இரண்டு இடங்களையும் வைத்துக்கொண்டு உலகெங்கும் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். பின்னது முன்னதன் தொடர்ச்சி, இறக்கை என்பது நிழல்தான் என்பது ஒரு கட்சி. எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான், அது மெய்யான இறக்கை என்பது மறு கட்சி. நான் இறக்கை இல்லை என்கிற கட்சி. இன்றும் அதே கருத்துதான். ஆனால் புதிதாக வந்த ஒருவர் இறக்கை உண்டு என்று வாதிட்ட அன்று, நான் புத்தகத்தை எடுத்து முதல் இடத்தை மட்டும் உரக்கப் படித்தேன். உவமை வரும் இடத்தில் குரலை அழுத்தினேன். புத்தகத்தை மூடி வைத்தேன். அடுத்து என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது நினைவில் இல்லை என்பதும் தெரியும். அவர் ஒப்புக்கொண்டு அமைதியானார். இறக்கை இருந்தால் பாலம் இடிந்தபோது அது ஏன் பாதாளத்தில் விழுந்தது என்ற நல்ல வாதம் என் பக்கமே இருந்தது. மறைக்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. இருந்தும் மறைத்தேன், அது சுலபமாக இருந்தது என்பதால்.

இன்னொரு பழக்கம், ஆளுக்குத் தகுந்தபடி அளவுகோலை மாற்றுவது. எல்ஃபுகளைச் சிறைப்பிடித்துச் சிதைத்து ஆர்க்குகள் உண்டாக்கப்பட்டதாக 'தி சில்மரில்லியன்' சொல்கிறது. டோல்கீனுக்குப் பிற்காலத்தில் இந்த விளக்கம் நிம்மதி தரவில்லை. மனிதரிலிருந்து வந்தவையோ என்றெல்லாம் எழுதிப் பார்த்தார். ஒரு நண்பர் இதைச் சொன்னபோது, கைப்பிரதியெல்லாம் கணக்கில் வராது, நூலாக வந்ததுதான் ஆதாரம் என்று அடித்துப் பேசினேன். பின்னொரு நாள், வேறொரு நண்பர் அதே நூலைக் காட்டி, கில்-கலாட் ஃபிங்கானின் மகன் என்றார். அன்றைக்கு நான், அதெல்லாம் தவறு, அவன் ஓரோட்ரெத்தின் மகன் என்பதுதான் டோல்கீனின் கடைசி முடிவு, 12-ஆம் தொகுதியைப் பாருங்கள் என்றேன். ஒரு வாரம் அச்சான நூல் எனக்கு வேதம். இன்னொரு வாரம் கைப்பிரதி வேதம். எதிரில் இருப்பவரை எது மடக்குமோ அதுவே அன்றைய ஆதாரம்.

அந்த 12 தொகுதிகளையும் நான் கரைத்துக் குடித்தவன் என்றே எல்லோரும் நம்பினார்கள். கேட்டவர்களிடம் ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், ஓரிரு தொகுதிகளைத்தான் முழுக்கப் படித்திருந்தேன். மற்றவற்றில், நூலின் கடைசியிலுள்ள பெயர் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு வேண்டிய பக்கத்துக்குப் போவேன். வேண்டிய பத்தியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். அந்தப் பத்திக்கு முன்னால் என்ன சந்தேகம் எழுப்பப்பட்டது, பின்னால் என்ன திருத்தம் வந்தது என்று பார்த்ததில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி. முழுதாகப் படித்தால் உறுதியாகப் பேச முடியாது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி.

நண்பர் ஒருவரின் உறவுக்காரர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். தமிழ் வழியில் படித்து வந்தவர். அந்த ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி மூன்றாம் பகுதிக்கு வந்திருந்தார். சில வாரங்கள் பேசாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் பேச்சு என்ட் பெண்களிடம் வந்தது.

என்டுகள் மர உருவம் கொண்டவர்கள், மரங்களை மேய்த்துக் காக்கும் மூத்த குலம். அவர்களில் ஆண்கள் பெருங்காடுகளை நேசித்து அலைந்தார்கள். பெண்கள் கனிமரங்களையும் மூலிகைகளையும் வயல்களையும் நேசித்தார்கள். சொன்ன இடத்தில் வளரும் தோட்டங்களை விரும்பினார்கள். பெண்கள் ஆந்துயின் ஆற்றைக் கடந்துபோய்த் தோட்டம் அமைத்தார்கள். மனிதர்கள் உழவைக் கற்றது அவர்களிடம்தான். பிறகு போர் வந்தது. ஆண்கள் தேடிப் போனபோது அந்த நிலம் எரிந்து கிடந்தது. இப்போது அதன் பெயர் பழுப்பு நிலங்கள். அன்றிலிருந்து என்டுகளுக்குக் குழந்தைகளே இல்லை. மூத்தவரான ட்ரீபியர்ட் இதை மெரி, பிப்பின் என்ற இரண்டு ஹாபிட்டுகளிடம் சொல்கிறார். இந்தப் பெருங்கதையில் என்னை மிகவும் கலங்கவைத்த பகுதி எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். அந்தப் பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று கதை கடைசிவரை சொல்வதில்லை.

அன்று அவர் முதல்முறையாக வாய் திறந்தார்.

"அண்ணா, ஒரு சந்தேகம். முதல் பகுதியில சாம் ஒரு விஷயம் சொல்வானே. அவனோட சொந்தக்காரன் ஹால்னு ஒருத்தன், வடக்க மரம் ஒண்ணு நடந்து போறதைப் பார்த்தேன்னு சொன்னதா. அது என்ட் பொண்ணா இருக்குமோ?"

"டோல்கீனே பதில் சொல்லிட்டாரும்மா. கடிதத்துல இருக்கு. அவங்க அழிஞ்சு போயிட்டாங்க, அவ்வளவுதான்."

"இல்லண்ணா, இன்னொரு இடத்துலகூட ஒரு..."

"எழுதினவரே சொன்னப்புறம் நாம பேச என்ன இருக்கு?"

யாரோ சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. அவர் அதற்கப்புறம் ஓரிரு முறை வந்தார், வாய் திறக்கவில்லை. பிறகு வரவே இல்லை.

நான் சொன்ன கடிதம் உண்மையிலேயே இருக்கிறது. 1954 ஏப்ரலில், நூல் வெளிவருவதற்கு முன்பு, அதன் மெய்ப்புகளைப் படித்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் நவோமி மிச்சிசனுக்கு டோல்கீன் எழுதியது. 1981-இல் வெளியான அவருடைய கடிதத் தொகுப்பில் இருக்கிறது. அதில் அவர், என்ட் பெண்கள் தோட்டங்களோடு சேர்ந்து போரில் அழிந்து மறைந்துவிட்டதாகத் தாம் நினைப்பதாக எழுதுகிறார். நினைப்பதாக. நான் அந்த இடத்தில் கத்தரித்தேன். அதே பத்தியில் தொடர்ந்து, சிலர் கிழக்கே தப்பியோடியிருக்கலாம் என்கிறார், அடிமைப்பட்டும் போயிருக்கலாம் என்கிறார். கொடுங்கோலர்களுக்கும் படைக்குச் சோறுபோட உழவு வேண்டுமல்லவா என்று காரணமும் சொல்கிறார். அப்படிப் பிழைத்தவர்கள் என்டுகளோடு மீண்டும் ஒன்றுசேர முடியுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, தாம் அதை விரும்புவதாகவும் ஆனால் தமக்குத் தெரியாது என்றும் முடிக்கிறார். 1972-இல், இறப்பதற்கு முந்தைய வருடம், இன்னொரு வாசகர் கேட்டபோதும் தெரியாது என்றே எழுதினார். கதைக்குள் வரும் வரலாற்றில் அவர்கள் ஒன்றுசேரமாட்டார்கள் என்பது நூலிலிருந்து தெளிவு என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

இந்த இரண்டு கடிதங்களையும் அன்று நான் முழுதாகப் படித்திருந்தேன். பெயர் அட்டவணையைப் பிடித்துப் போய் எடுத்தவை அல்ல இவை. ஆசிரியர் 'நினைக்கிறேன்' என்று தொடங்கி 'தெரியாது' என்று முடித்ததன் தலையையும் வாலையும் வெட்டிவிட்டு, நடுத்துண்டை ஒரு கல்லூரி மாணவியின் மேல் எறிந்தேன். அதற்கு ஆசிரியருடைய பெயரையே துணைக்கு அழைத்தேன். எங்கள் கூட்டத்தில் நான் செய்ததிலேயே மோசமான செயல் இதுதான்.

ஏன் செய்தேன்? இதற்கு நான் வெகுநாள் எனக்கே பதில் சொல்லவில்லை. நானும் தமிழ் வழியில் படித்தவன். 2001-இல் தொடங்கி வரிசையாக வந்த மூன்று படங்களைப் பார்த்த பிறகுதான் புத்தகத்துக்கு வந்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். மொட்டைமாடிக்குப் போனபோது அங்கே இருந்தவர்கள் பலர் பள்ளி நாளிலேயே ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள். அவர்களுக்கு முன்னால் எனக்குக் கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் தேதிகளையும் வம்சாவளிகளையும் தொகுதி எண்களையும் மனப்பாடம் செய்தேன். ஒருநாள் அவர்கள் என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். அந்த இடத்தை இழக்க நான் தயாராக இல்லை. கூச்சத்துக்கு நான் பொறுப்பில்லை. அதை வைத்து நான் செய்தவற்றுக்கு நானே பொறுப்பு.

அந்தப் பெண் விஷயத்தில் இதைவிடக் கசப்பான காரணமும் உண்டு. ஹால் பார்த்த மரத்தையும் என்ட் பெண்களையும் இணைத்துப் பார்ப்பது டோல்கீன் வாசகர்களிடையே பழைய யோசனை. எனக்கு அது சொந்தமாகத் தோன்றியதில்லை. பிறர் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் யாருடைய குறிப்பும் இல்லாமல், இரண்டாம் மொழியில் திணறிப் படித்தபடியே, முதல் பகுதியில் போகிறபோக்கில் வந்த ஒரு பேச்சை நினைவில் வைத்திருந்து தானாகக் கண்டுபிடித்திருந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு அது புரிந்துவிட்டது. பொறாமை வந்தது. என்னிடம் இருந்தது சேகரித்த அறிவு. அவரிடம் இருந்தது வாசிப்பு. அதை எல்லோரும் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

நான் செய்தது என்னவென்று எனக்குக் காட்டியது அந்தப் புத்தகமே. சில காலம் கழித்து முதலிலிருந்து மறுபடி படித்தபோது, ஹால் பற்றிய பேச்சு வரும் மதுக்கடைக் காட்சிக்கு வந்தேன். வேலையாளான சாம், நடக்கும் மரத்தைப் பற்றிச் சொல்கிறான். ஆலைக்காரர் மகன் டெட் சாண்டிமேன் மறுக்கிறான்: ஹால் பார்த்தது வெறும் எல்ம் மரமாக இருக்கும் என்கிறான். அது நடந்ததே, அந்தப் பக்கம் எல்ம் மரமே கிடையாதே என்கிறான் சாம். அப்படியானால் அவன் பார்த்திருக்கவே முடியாது என்று டெட் முடித்துவிடுகிறான். சுற்றியிருந்தவர்கள் சிரித்துக் கைதட்டுகிறார்கள். டெட் ஜெயித்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. சாம் வைத்தது ஒரு சாட்சி. டெட் அதை விசாரிக்கவில்லை, மடக்கினான். கடைசிப் பகுதியில், ஹாபிட்டுகளின் நாடான ஷயரை நாசமாக்க வந்தவர்களோடு சேர்ந்துகொண்டு அவர்களுடைய புது ஆலையில் வேலை பார்ப்பவனும் இதே டெட்தான். அந்தக் காட்சியில் அவன் பேசும் தொனி என் தொனி. ஹாலின் மரத்தைப் பற்றிக் கேட்ட ஒருத்தியிடம், அதே மரத்தைப் பற்றி, டெட் சாமிடம் நடந்துகொண்டதைப் போலவே நான் நடந்துகொண்டிருந்தேன். புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அன்று அதற்குமேல் படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு டோல்கீனின் கடிதங்களை வேறொரு கண்ணோடு படித்தேன். முன்பு அவற்றில் தீர்ப்புகளைத் தேடினேன். இப்போது, தம்மிடம் கேள்வி கேட்டவர்களை அவர் எப்படி நடத்தினார் என்று பார்த்தேன். 1954-இல், ஆக்ஸ்ஃபோர்டில் கத்தோலிக்கப் புத்தகக் கடை நடத்திய பீட்டர் ஹேஸ்டிங்ஸ் என்பவர் சில சந்தேகங்களை எழுதி அனுப்பினார். தீய சக்தியால் உயிர்களைப் படைக்க முடியும் என்பதுபோல ட்ரீபியர்ட் பேசுகிறாரே, படைப்பு இறைவனுடையது அல்லவா என்பது அவற்றில் ஒன்று. டோல்கீன் மிக நீண்ட பதில் எழுதினார். ட்ரீபியர்ட் தம் கதையில் ஒரு பாத்திரம், தாம் அல்ல. அவருக்குத் தெரியாததும் புரியாததும் நிறைய உண்டு என்று விளக்கினார். மறுபிறப்பு, சுதந்திரம், டாம் பாம்படில் என்ற புதிரான பாத்திரம் யார் என்பதுவரை எழுதினார். கடைசியில் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை. தம்மைத்தாமே பெரிதாக எடுத்துக்கொள்வதாகத் தோன்றியதால் அனுப்பவில்லை என்று அதன்மேல் குறித்து வைத்தார். அந்த உலகத்தைப் படைத்தவருக்கே அந்தத் தயக்கம் இருந்தது. அதை வாசித்தவன் நான், எனக்கு இருக்கவில்லை.

கிறிஸ்டோஃபர் டோல்கீனையும் நான் தவறாகவே பயன்படுத்தியிருக்கிறேன். கில்-கலாட் ஃபிங்கானின் மகன் என்று 'தி சில்மரில்லியன்' நூலில் போட்டது அவர் எடுத்த முடிவு. தந்தையின் தாள்களை மேலும் மேலும் ஆராய்ந்த பிறகு, அந்த முடிவு சரியில்லை, அவனுடைய பிறப்பைச் சொல்லாமல் விட்டிருப்பதே நல்லது என்று 1996-இல் வெளியான கடைசித் தொகுதியில் தாமே எழுதினார். உலகம் முழுக்கப் பரவிவிட்ட ஒரு நூலில் தாம் செய்ததை, யாரும் கட்டாயப்படுத்தாமல், அச்சிலேயே திருத்திக்கொண்டார். ஒரு மனிதர் தம்மைத் திருத்திக்கொண்ட அந்தப் பக்கத்தைத்தான் நான் என் நண்பரை மடக்க எடுத்துப்போனேன். அந்தப் பக்கத்திலிருந்த நேர்மை என் கண்ணில் படவே இல்லை.

நான் இதைத் தனியாக மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் எழுதுவதற்குக் காரணம், 'தி ஹாபிட்' நூலின் நாயகன் பில்போ. 'தி ஹாபிட்' 1937-இல் வெளிவந்தபோது, கோல்லம் என்ற குகைவாசி, பில்போவுடனான புதிர்ப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொண்டான் என்றே கதை இருந்தது. மோதிரத்தின் தீமை பின்னால் உருவானபோது அது பொருந்தவில்லை. டோல்கீன் 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். பழைய வடிவத்தை அழித்துவிடவும் இல்லை. அது பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே வைத்துவிட்டார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில், எல்ராண்டின் அவையில் பில்போ எழுந்து நடந்ததை நடந்தபடி சொல்கிறான். முன்பு வேறு மாதிரி கேட்டவர்கள், அதிலும் பக்கத்தில் இருக்கும் குள்ளர் கிளோயின், மன்னிக்க வேண்டும் என்கிறான். மோதிரம் தனக்கே உரியது என்று நிலைநாட்டிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னதாகக் காரணத்தையும் சொல்கிறான். எனக்கும் அதே காரணம்தான். அந்தப் புத்தகம் மற்ற எல்லோரையும்விட எனக்கே உரியது என்று நிலைநாட்ட விரும்பினேன். பொய்யைக் கேட்டவர்கள் முன்னிலையில்தான் உண்மையையும் சொல்ல வேண்டும் என்பதை பில்போவிடம் கற்றேன்.

மொட்டைமாடி நண்பர்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். பால்ராகின் இரண்டாவது இடத்தைப் படித்துக் காட்டினேன். 12 தொகுதிகளில் எவற்றைப் படித்தேன், எவற்றைப் படிக்கவில்லை என்று சொன்னேன். சிலர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர், "நீங்க சொன்னதுல எது நெஜம்னு இனிமே நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. இப்போது நான் எதைச் சொன்னாலும் புத்தகத்தைத் திறந்து முன்னும் பின்னும் சேர்த்துப் படிக்கிறேன். எந்த வருடம் எழுதியது, அச்சுக்குப் போனதா, போகாததா, எனக்கு எதிராக என்ன இருக்கிறது என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வாதங்களில் முன்பைவிட அதிகம் தோற்கிறேன். பேச்சு முன்பைவிட நீளமாகப் போகிறது. முன்பு பேசாமல் இருந்த சிலர் பேசுகிறார்கள். இதைப் பார்க்கும்போதுதான், இத்தனை வருடங்களில் எத்தனை பேச்சுகளை முளையிலேயே கிள்ளியிருப்பேன் என்று தெரிகிறது.

அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கடிதத்தில் என்ன இருந்தது, நான் எதை மறைத்தேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ நடந்ததுண்ணா, விடுங்க" என்றார். புத்தகத்தை முடித்தாரா என்று கேட்டேன். மூன்றாம் பகுதியில் பாதியோடு வைத்துவிட்டாராம். அன்று சொல்ல வந்த இன்னொரு இடம் எது என்று கேட்டேன். "இப்ப ஞாபகமே இல்லண்ணா" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். நான் செய்த சேதத்தின் அளவு அந்தப் பதிலில்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு அன்றே நான் தந்திருக்க வேண்டிய பதில் இது. ஹால் ஷயரின் வடக்கில், எல்ம் மரத்தளவு பெரிய ஒன்று நடந்துபோனதைப் பார்த்ததாக சாம் சொல்கிறான். மெரியும் பிப்பினும் ஷயரை வர்ணித்தபோது, அங்கே என்ட் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா, அவர்களுக்கு உங்கள் ஊர் பிடிக்கும் என்கிறார் ட்ரீபியர்ட். கடைசியில் விடைபெறும்போதும், உங்கள் நாட்டில் அவர்களைப் பற்றிச் சேதி கிடைத்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள் என்று ஹாபிட்டுகளிடம் கேட்டுக்கொள்கிறார். இவை உங்கள் பக்கம். அவர்கள் அழிந்திருப்பார்கள் என்று 1954-இல் ஆசிரியர் நினைத்தார். சிலர் தப்பியிருக்கலாம் என்றும் அதிலேயே எழுதினார். 1972-இலும் தெரியாது என்றார். ஹால் சொன்னது ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்ட சேதி மட்டுமே. இவை மறுபக்கம். நான் அழிந்துவிட்டார்கள் என்ற பக்கம் சாய்கிறேன். ஆனால் உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று என்னிடம் இல்லை. நீங்கள் சொல்ல வந்த இன்னொரு இடம் ட்ரீபியர்டின் இந்தப் பேச்சுகளில் ஒன்றாக இருக்கலாம். நான் இதுவரை கவனிக்காத மூன்றாவது ஓர் இடமாகவும் இருக்கலாம். அந்த இரண்டு நிமிடம் உங்களைப் பேசவிட்டிருந்தால் எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும்.